நேரமில்லை என்னும் பொய்

"பிள்ளைக்கு நேரமே இல்லை, ஐயா" என்கின்றனர் பெற்றோர். "பாடத்திட்டத்தை முடிக்கவே பொழுது போதவில்லை" என்கிறோம் ஆசிரியர்கள். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. அத்தேர்வைக் காட்டித் தொடங்கிய டியூசன் மாலைகளோ இன்னும் ஒழியவில்லை. மிச்சமான நேரம் எங்கே போயிற்று?

'என் வீட்டுத் தோட்டம்' என்று கட்டுரை எழுதும் மாணவன் ஒரு வெண்டை விதையைக்கூடத் தொட்டதில்லை. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து ஒப்புவிக்கிறான். அதில் 'வசந்த காலம்' வேறு வருகிறது! மலேசியாவில் வசந்தம் ஏது? நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. மே இறுதி முதல் செப்டம்பர் வரை பொதுவாக மழை குறைந்த தென்மேற்குப் பருவம். நமக்குரிய பருவங்கள் இவையே.

இவற்றை ஒட்டி இல்லத்தை நடத்திப் பாருங்கள். அடைமழை மாலைகளில் குடும்பமாக அமர்ந்து நூல் வாசிக்கலாம். மழை தணிந்ததும் பழைய வாளியொன்றில் வெண்டை விதைக்கலாம். 50, 60 நாளில் காய்க்கும். முளைத்ததையும் பூத்ததையும் பூச்சி அரித்ததையும் பிள்ளை தன் குறிப்பேட்டில் எழுதட்டும். அதுவே கட்டுரை.

வாசிப்பு, எழுத்து, தோட்டம், குடும்பம் ஆகிய நான்கும் நேரத்துக்காக ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது நம் கற்பிதம். ஒரு வாளி மண்ணில் நான்கும் அடங்கும்.

பெற்றோரே, வாரத்தில் இரண்டு மாலைகளையாவது பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். ஆசிரியப் பெருமக்களே, மாதிரிக் கட்டுரைகளை மூடி வையுங்கள். சொந்தமாக நான்கு வரி எழுத வராத பிள்ளையிடம் தமிழ் எத்தனை நாள் தங்கும்? சிந்திப்போம்.