குறைத்துச் செய்யும் தொழில்

ஒரு பொருளை நன்கு செய்யத் தெரியாமையால் அது குறையுடையதாதல் ஒன்று. செய்யத் தெரிந்திருந்தும் வேண்டுமென்றே குறைத்து வைத்தல் மற்றொன்று. முன்னது தொழிலின் வளர்ச்சிநிலை. பின்னது வணிகச் சூழ்ச்சி. இற்றைக் கைப்பேசிக் கடைகளில் பொதுவகை, உயர்வகை எனப் பகுத்து அடுக்கப்பெற்றுள்ள வேறுபாடுகளுட் பல இப் பின்னதன்பாற் பட்டனவே என்பதை வாங்குவோர் உணர்தல் வேண்டும்.

ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபோனையே எடுத்துக்கொள்வோம். 2021-இல் அவர்தம் 13-ஆம் வரிசை வெளிவந்தது. உயர்வகையாகிய 'புரோ'வின் திரை நொடிக்கு 120 முறை வரை தன்னைப் புதுக்கிக்கொள்ளும். பொதுவகைத் திரைக்கோ 60 முறையே எல்லை. விரலால் தள்ளிப் படிப்பார்க்கு இவ் வேறுபாடு கண்ணாற் காணத்தக்கது. 120 முறை புதுக்கும் திரை அத்துணை அரிய பொருளோ எனின், அன்று. 2020-ஆம் ஆண்டிலேயே பதினாறாயிரம் உருபா விலையில் போக்கோ எக்சு-2 என்னும் கைப்பேசி அத்தகு விரைவுடைய திரையோடு இந்தியாவில் விற்றது. திரையின் வகை வேறாயினும் விரைவு அதுவே. ஏறத்தாழ 800 அமெரிக்கத் தாலர் கொடுத்து வாங்கப்பட்ட ஆப்பிளின் பொதுவகையோ 14, 15, 16 எனப் பெயர் மாறியும் 60-ஐ விட்டு நகரவில்லை. 2025-இல் வந்த 17-ஆம் வரிசையிற்றான் அதற்கும் விரைவுத்திரை வாய்த்தது.

2022-இல் நிகழ்ந்தது இதனினும் வியப்பு. அதுவரை இருவகைக்கும் அவ்வாண்டின் புதுச்சில்லே இடப்பெற்று வந்தது. 14-ஆம் வரிசையிலோ புரோவுக்குப் புதுச்சில்லும், பொதுவகைக்கு முந்தைய ஆண்டு 13 புரோவில் இருந்த சில்லும் தரப்பட்டன. புதுப்பெயர், பழைய மூளை! அடுத்த ஆண்டும் அவ்வாறே. ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டத்தின் நெருக்குதலால் 2023-இல் இரண்டும் ஒரே வடிவ இணைப்புத்துளையைப் பெற்றன. ஆயினும் பழைய சில்லைத் தாங்கிய பொதுவகையின் துளைவழிச் செய்தி செல்லும் விரைவு புரோவினதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ் விரைவு 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பழைய அளவு என்க.

இச் சூழ்ச்சி இன்று முளைத்ததன்று. மூன்றாம் வகுப்புத் தொடர்வண்டிப் பெட்டிக்குக் கூரை இல்லாமைக்குக் கரணியம் கூரையின் செலவன்று, இரண்டாம் வகுப்புக்குப் பணம் தரவல்லார் மூன்றாவதில் ஏறிவிடுவரே என்னும் அச்சமே என்று 1849-இலேயே தூப்புய் என்னும் பிரெஞ்சுப் பொறிஞர் எழுதினார். 1990-இல் ஐ.பி.எம். நிறுவனம் பக்கம் பத்து அச்சிடும் தன் பொறியில், காலந்தாழ்த்தும் உறுப்பொன்றைக் கூடுதலாக வைத்து, ஐந்தே அச்சிடுமாறு செய்து மலிவுவகை என விற்றது. குறைப்பதற்கும் செலவு செய்தனர்! 1991-இல் இன்டெல் நிறுவனமோ 486 சில்லின் கணக்கீட்டு உறுப்பைச் செயலற்றதாக்கி மலிவாக விற்றது. அவ் வுறுப்பு வேண்டுவார்க்குத் தனியே விற்ற துணைச்சில்லு, உண்மையில் முழுச்சில்லேயாம். அதனைப் பொருத்தியவுடன் முன்னது வாளா கிடக்கும்.

கூடுதல் ஒளிவில்லைக்கும் உயர்ந்த மாழைச் சட்டத்துக்கும் மிகுவிலை கேட்பதை நாம் பழிக்கவில்லை, அவற்றுக்குச் செலவுண்டு. குறைத்த வகை இருத்தலாலன்றோ எளியோரும் வாங்கமுடிகிறது என்பாரும் உளர். கூரையற்ற பெட்டியில் ஏழை பயணம் செய்தான் என்பது மெய்யே. ஆயின் 800 தாலர் எவ் வூர் ஏழையின் விலை?

புதுமை விரைந்து வந்த காலத்தில் இத்துணைப் பகுப்பு வேண்டியிருந்திலது. 2007-இல் தொடங்கி, கூர்மிகு திரை 2010-இலும் விரல்ரேகை அறியும் பொத்தான் 2013-இலும் வந்தபோது, சென்ற ஆண்டினும் இவ்வாண்டுப் பொருள் சிறந்தது என்பதே விற்பனைக்குப் போதிய பேச்சாயிருந்தது. ஆண்டுக்காண்டு வேறுபாடு தேய்ந்துபோன பின்னர், ஒரே ஆண்டின் இரு பொருள்களுக்கிடையே வேறுபாட்டை உண்டாக்கிக் காட்டவேண்டியதாயிற்று. செலவின்றிக் கிட்டும் வேறுபாடு, ஒன்றினின்று எடுத்துவிடுவதே. பின், எடுத்ததை நான்காண்டு கழித்துத் திருப்பித் தருங்கால் அதற்கும் புதுமை என்று பெயர்.

இதில் சொல் வேறு ஏமாற்றுகிறது. வணிகர் பொதுவகைக்கு இட்டு வழங்கும் 'இசுடாண்டர்டு' என்னும் சொற்குப் பொருள் அளவுகோல் என்பதாம். கோலையே நறுக்கிவிட்டு அளப்பது எங்ஙனம்? 'புரோ' என்பதோ தொழில்முறையாளரைக் குறிப்பது. வாங்குவாருள் அதனைக் கொண்டு தொழில் நடத்துவார் எத்தனை பேர்?

கடன்தவணையில் இப்பொருளை வாங்க முனைவோர் கடைக்காரரிடம் பெயரையும் எண்ணையும் கேட்பதை விடுத்து, உள்ளிருக்கும் சில்லு எவ் வாண்டினது, திரை நொடிக்கு எத்துணை முறை புதுக்கும், துளையின் விரைவு யாது என இம் மூன்றையும் கேட்பாராக.