கைவேலையும் சிக்கனமும்

தறியோசை அடங்கிய பிறகும், வயல்வேலை ஓய்ந்த பிறகும் நமது அங்கத்தினர் இல்லங்கள் பலவற்றில் கைகள் சும்மா இருப்பதில்லை. ஒரு சகோதரி தலையணை உறையில் பூத்தையல் போடுகிறார். மற்றொருவர் குரோஷா ஊசி கொண்டு மேஜை விரிப்புப் பின்னுகிறார். கூலிக்காகச் செய்யும் வேலை அன்று இது. மனத்தின் இதத்திற்காகச் செய்வது. ஆயினும் மாதக் கடைசியில், கையிருப்புக் கரைந்துவிட்ட வேளையில், "இந்த நூலுக்கும் ஊசிக்குமா பணம்?" என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. அதன்பின் பாதி முடிந்த விரிப்பு பெட்டிக்குள் போய்விடுகிறது. அதைப் பின்னியவரின் மகிழ்ச்சியும் அதனுடனேயே மூடப்பட்டுவிடுகிறது.

இது வேண்டாத இழப்பு என்பது நமது அபிப்பிராயம். செலவு மிகுவதற்குக் காரணம் கைவேலை அன்று. சாமான் வாங்கும் முறையே. விதை வாங்குமுன் நான்கு இடத்தில் விசாரிக்கிற விவசாயியின் வீட்டிலும், நூலை விரலால் நெருடிப் பார்த்தே நம்பரைச் சொல்லிவிடுகிற நெசவாளியின் வீட்டிலும், பூத்தையல் நூல் மட்டும் முதற் கடையில் சொன்ன விலைக்கே வாங்கப்படுகிறது. சில்லறைச் சாமான்தானே என்ற அலட்சியமே இதற்குக் காரணம். சில்லறையாகப் போகும் பணத்திற்குத்தான் கணக்கு மிகவும் தேவை.

விலை விசாரிப்பதற்கு முன் அளவை விசாரிக்க வேண்டும். உருண்டையின் பருமன் கண்ணை ஏமாற்றும். எடை மட்டும் பார்த்தாலும் போதாது. ஒரு ராத்தல் நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே பருத்தி நூலின் நம்பர் என்பதை நெசவாளர்கள் அறிவர். ஒற்றை இழையில் 20-ஆம் நம்பர் நூல் ராத்தலுக்கு 16,800 கஜம். 40-ஆம் நம்பர் நூல் 33,600 கஜம். எடை ஒன்றே, நீளமோ இரு மடங்கு. ஆகவே வேலைக்கு ஏற்ற பருமனை முதலில் தீர்மானித்துக்கொண்டு, சீட்டில் அச்சிட்டிருக்கும் நீளத்தால் விலையை வகுத்துப் பார்த்து, அதன்பின் கடைக்குக் கடை ஒப்பிட வேண்டும். ஆறு இழை சேர்ந்த 8 மீட்டர் பூத்தையல் நூலை இரண்டிரண்டு இழைகளாகப் பிரித்துத் தைத்தால் 24 மீட்டருக்கு வரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மலிவே சிக்கனம் என்று கொள்வதும் பிழை. சாயம் நிற்காத நூல் முதல் சலவையிலேயே ஒரு மாத உழைப்பைக் கெடுத்துவிடும். வாங்கிய நூலில் ஒரு முழத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு விரிப்புக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே சாயத் தொகுதி எண்ணில், ஒரே தடவையில் வாங்கிவிடுவது நன்று. இடையில் நூல் தீர்ந்து வேறு தொகுதியில் வாங்கினால் நிறம் சற்றே மாறுபடக் கூடும். முன் செய்த வேலையும் வீணாகும்.

ஐந்து ரூபாய் மிச்சத்திற்காக இருபது ரூபாய் பஸ் கட்டணம் கொடுப்பதும் சிக்கனமாகாது. கைப்பேசி வழியே தருவிக்கும் சாமானுக்குத் தபாற்கூலியையும் சேர்த்தே விலை பார்க்க வேண்டும். வேறு காரியமாக நகரத்திற்குச் செல்லும் நாளில் மூன்று கடைகளில் விசாரித்து, விலையையும் அளவையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்த முறை அலைச்சல் குறையும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். நெசவுக்காகச் சங்கம் கொடுக்கும் நூல் சங்கத்தின் சொத்து. கையருகில் இருக்கிறதே என்று அதிலிருந்து ஒரு கண்டு எடுப்பது சிக்கனம் அன்று. சக அங்கத்தினரின் பங்கில் கை வைப்பதாகும்.

தனி ஒருவர் ஒரு கண்டு கேட்டால் கடைக்காரர் விலை குறைக்கமாட்டார். பத்துப் பேர் தத்தம் தேவையைப் பட்டியலிட்டு, ஒருவர் சென்று பெட்டிக் கணக்கில் வாங்கினால் மொத்த விலை கேட்க இடமுண்டு. பஸ் கட்டணமும் ஒருவருக்கே. 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர்களும் அடங்கிய முன்னோடிகள் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்தபோது அதில் இருந்தவை வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி முதலிய சாதாரணப் பண்டங்களே. அற்பச் சாமான் என்று அவர்கள் எதையும் ஒதுக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் மாதம் ஒரு நாள் இத்தகைய பட்டியலைச் சேகரித்துக் கூட்டாக வாங்க முன்வரட்டும். அதற்குப் புதிய மூலதனம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், கணக்கு எழுத ஒருவரும் போதும். பெட்டிக்குள் உறங்கும் விரிப்புகள் மீண்டும் வெளியே வரட்டும்.