ஆன்டெனா திரும்பினால் குண்டு

பாக்தாத் நகரின் சோதனைச் சாவடிகளில் பல ஆண்டுகள் இது அன்றாடக் காட்சி. வண்டி வந்து நிற்கும். காவலர் ஒருவர் கைத்துப்பாக்கியின் பிடி போன்ற ஒன்றை ஏந்தி, அதன் முனையில் ஆடும் ஆன்டெனாவைப் பார்த்தபடியே வண்டியோரமாக நடப்பார். ஆன்டெனா வண்டிப் பக்கம் திரும்பினால் உள்ளே வெடிமருந்து. திரும்பாவிட்டால் வண்டி போகலாம். ஏ.டி.இ. 651 என்ற அந்தக் கருவியில் பேட்டரி கிடையாது. பிடித்திருப்பவரின் உடம்பில் உண்டாகும் நிலைமின்சாரமே போதும் என்று சொல்லி விற்றார் பிரிட்டிஷ் வியாபாரி ஜேம்ஸ் மெக்கார்மிக். இராக் அரசு கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியது.

2009 அக்டோபர் 25 அன்று பாக்தாத்தில் அரசு அலுவலகங்களுக்கு அருகே இரண்டு வண்டிக் குண்டுகள் வெடித்தன. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அத்தனை சாவடிகள் இருந்த நகரின் நடுப்பகுதிக்கு அவ்வளவு வெடிமருந்தும் வந்து சேர்ந்திருந்தது.

மறு ஜனவரியில் பி.பி.சி. அந்தக் கருவியின் அட்டையைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களிடம் கொடுத்தது. வெடிமருந்தை அடையாளம் காணும் என்று சொல்லப்பட்ட அட்டைக்குள் இருந்தது, கடைகளில் பொருள் திருடு போகாமலிருக்க ஒட்டும் சாதாரணப் பட்டை. 2013-ல் மெக்கார்மிக்குக்குப் பத்தாண்டுச் சிறை. அப்போதும் பாக்தாத் சாவடிகளில் கருவி இருந்தது. 2016 ஜூலையில் கராதா கடைவீதியில் குண்டு வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட பிறகே பிரதமர் அதைத் திரும்பப் பெற உத்தரவிட்டார்.

இதைத் தடுத்திருக்க முடியும் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. அமானுஷ்ய சக்தி உண்டு என்று சொல்பவர்களைச் சோதிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட அமெரிக்க மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, இந்தக் கருவி வேலை செய்வதை நிரூபித்தால் 10 லட்சம் டாலர் தருவதாக 2008-லேயே அறிவித்தார். பரிசை யாரும் வாங்கவில்லை. அந்த மௌனத்தைக் கொள்முதல் அதிகாரிகள் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சாவடிக் காவலர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ணெதிரே ஆன்டெனா திரும்பத்தான் செய்தது. திருப்பியது அவர்களுடைய கை. அது அவர்களுக்கே தெரியாது. 1853-லேயே லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இதைக் காட்டிவிட்டார். பலர் சுற்றி உட்கார்ந்து கைவைத்தால் ஆவி மேஜையை நகர்த்தும் என்ற நம்பிக்கை அப்போது ஊரெல்லாம் பரவியிருந்தது. ஃபாரடே சில அட்டைகளை இளகிய பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மேஜைமேல் வைத்து, அதன்மேல் கைகளை வைக்கச் சொன்னார். மேஜை தானாக நகர்ந்தால் அடியில் உள்ள அட்டை முந்த வேண்டும். முந்தியது மேலே இருந்த அட்டை. பிறகு, கை தள்ளுவதைக் காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தி அவர்கள் பார்வையில் படும்படி வைத்தார். மேஜை அசையவே இல்லை. உட்கார்ந்திருந்தவர்கள் நேர்மையானவர்கள். நேர்மை மட்டும் இருந்து பயனில்லாத இடம் இது.

தாய்லாந்து ராணுவமும் ஜி.டி. 200 என்ற இதே வகைக் கருவியை வாங்கியது. அது காட்டிய திசையை நம்பித் தென் மாகாணங்களில் ஆட்களைப் பிடித்தார்கள். 2010 பிப்ரவரியில் அரசே சோதனை வைத்தது: நான்கு பெட்டிகள், ஒன்றில் மட்டும் வெடிமருந்து, எதில் என்பது கருவியைப் பிடிப்பவருக்குத் தெரியாது. 20 முறையில் 4 முறை சரி. கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலே சராசரியாக 5 முறை சரியாகும். ஒரு நாளில் முடியக்கூடிய இந்தச் சோதனையை, கருவியை வாங்குவதற்கு முன்பே வைத்திருக்கலாம்.

கருவி புதியது, சங்கதி பழையது. தமிழகத்தில் போர்வெல் போடும் முன் வேப்பங்குச்சியோ தேங்காயோ வைத்து நீரோட்டம் பார்ப்பதும் இதே கை அசைவுதான். 1990-ல் ஜெர்மனியின் காசல் நகரில் சுமார் 30 நீரோட்டம் பார்ப்பவர்களைச் சோதித்தார்கள். அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். நிபந்தனைகளை முன்கூட்டியே ஏற்று, தவறவே தவறாது என்ற உறுதியோடு வந்தவர்கள். முடிவு குருட்டு அதிர்ஷ்டத்தைத் தாண்டவில்லை.

“எங்க ஊர்ல அவர் சொன்ன இடத்துல தண்ணி வந்துச்சே” என்பார்கள். பல நிலங்களில் எங்கே துளைத்தாலும் ஏதோ ஓர் ஆழத்தில் தண்ணீர் வரும். அவர் காட்டாத இடத்தை யாரும் துளைத்துப் பார்ப்பதில்லை. நகையை அடகு வைத்து ஆயிரம் அடி துளைத்தும் வெறும் புழுதி பறந்த தோட்டங்களின் கணக்கை யாரும் வைப்பதுமில்லை.

அடுத்த முறை நீரோட்டம் பார்ப்பவர் இடம் குறித்ததும், அங்கே அடையாளம் வைத்துவிட்டு, அவர் சம்மதத்தோடு கண்ணைக் கட்டி வேறு பக்கமாக அழைத்து வந்து மறுபடி காட்டச் சொல்லலாம். அடையாளத்தை மிதித்தாலும் தெரியாதபடி அதை மூடி வைக்க வேண்டும். உடன் வருபவருக்கும் இடம் தெரியக் கூடாது. இரண்டும் பொருந்தாவிட்டால் நிலத்தடி நீர் ஆய்வுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகலாம். மின்தடையை அளந்து சொல்லும் அந்த ஆய்வும் சில நேரம் பொய்க்கும். ஆனால் அளவுகள் தாளில் இருக்கும். இன்னொரு நிலவியலாளர் சரிபார்க்க முடியும். ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடலாம்.