இறையியல் கற்கப் புறப்படும் பிள்ளைகள்



பள்ளியிறுதி முடித்த பிள்ளைகளுக்கு ஏற்ற தொழிற்பயிற்சிகளைப் பற்றிச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தோம். ஞாயிறு மாலைக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக் கொண்டிருந்தபோது, நம் சங்கத்துப் பெண் ஒருத்தி அருகில் வந்து, “மாமா, பிட்டர் வேலையும் நர்ஸ் வேலையும் எழுதினீர்களே, இறையியல் படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!” என்று கேட்டாள். இவ்வாண்டு பி.ஏ. முடித்தவள் அவள். நம் மாத இதழைத் தன் தந்தை உரக்க வாசிக்கக் கேட்டதாகச் சொன்னாள். அவள் தானே வாசிக்காததன் காரணம் பின்னர் விளங்கிற்று. அதைப் பிறகு கூறுவோம்.

அவள் தந்தை மட்டாஞ்சேரியில் இஸ்திரி வண்டி வைத்துப் பிழைப்பவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மறுநாள் வேலை முடிந்து திரும்பும் வழியில் அவரைக் கண்டோம். “அண்ணாச்சி, மகளுக்கு இப்படி ஓர் ஆசை இருக்கிறதாமே?” என்று மெல்லத் தொடங்கினோம். பெட்டியைச் சட்டைமேல் ஓட்டிக்கொண்டே அவர் கூறிய விடை இதுதான்:

“தம்பி, ஊரில் ஓலைக் குடிசையில் பிறந்தவன் நான். இங்கே ஓடு போட்ட ஓர் அறைக்கு வாடகை கொடுத்து நிமிர்ந்து நிற்க முப்பது வருஷம் ஆயிற்று. அந்தப் படிப்பில் பிள்ளைகளைக் குடிசைப் பகுதியில் குடியிருக்க அனுப்புவார்களாமே! குடிசையைப் பற்றி என் மகளுக்கு ஒரு கல்லூரியா கற்றுக்கொடுக்க வேண்டும்?”

இதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. வீடு வந்து இரண்டு இரவுகள் யோசித்தோம். அவர் கேட்டது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. பிள்ளைகளை வறுமையிலிருந்து கரையேற்றப் புறப்பட்டு வந்த நம் எல்லோருடைய கேள்வியும் அதுவே. ஆதலால் இத்திங்களில் அதைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

அப்பெண் விரும்பும் கல்லூரி மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி. தென்னிந்தியத் திருச்சபையும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் கூடி 1969 ஆம் ஆண்டில் அதனை நிறுவின. நாசரேத்தை அடுத்த திருமறையூரில் அதற்கு முன்பே நடந்து வந்த கல்லூரியும் அதில் இணைந்தது. பட்டம் வழங்குவது வங்காளத்திலுள்ள செராம்பூர் கல்லூரியின் செனட் சபை. செராம்பூர்க் கல்லூரியை 1818 இல் கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூவர் தொடங்கினர். பட்டமளிக்கும் உரிமையை 1827 இல் டென்மார்க்கு மன்னர் வழங்கினார். மதுரைக் கல்லூரிக்கு உள்ள தனிச்சிறப்பு, உயர்ந்த இறையியல் படிப்பை அது தமிழிலேயே கற்பிப்பதாகும்.

இத்தகைய கல்லூரிகளில் ஒரு வாரம் எவ்வாறு கழிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கலக்கம் தீரும். நாள்தோறும் சிற்றாலயத்தில் கூடி வழிபடுகிறார்கள். அவ்வழிபாட்டை மாணவர்கள் முறைவைத்து நடத்துவர். பேசுவோர் தாம் பேசியதைப் பற்றி ஆசிரியரும் தோழரும் கூறும் குறைகளைக் கேட்டுத் திருந்த வேண்டும். பின்னர் வகுப்புகள்: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, அறநெறி, பிற சமயங்கள், துன்புறுவோரிடம் எவ்வாறு பேசுவது என்னும் ஆற்றுப்படுத்தற் கலை எனப் பல. எபிரேயமோ கிரேக்கமோ ஒன்றையேனும் கற்றாக வேண்டும். ஞாயிறு வந்தால் ஓய்வு என்று எண்ண வேண்டா. அருகிலுள்ள சபைகளுக்குச் சென்று, சிறுவர் வகுப்பு நடத்துவதும் நோயாளிகளைக் காண்பதும் படிப்பின் ஒரு பகுதியே.

மதுரைக் கல்லூரியைப் பிற நாட்டாரும் பேசும்படி செய்தது வேறொன்று. பட்டப்படிப்பின் இடையே மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி, நகரின் குடிசைப் பகுதிகளில் குடியிருந்து, அங்கிருந்தே பாடங்களைப் பயிலும் ஒரு முறையை அக்கல்லூரி வகுத்தது. ஏழைகளுக்கு உபதேசம் செய்வதற்கு அன்று, அவர்களிடம் கற்றுக்கொள்வதற்கு என்பதே அதன் கருத்து. அண்ணாச்சி அஞ்சியது இதைத்தான்.

அக்கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) என்பாரை நம்முள் சிலர் அறிந்திருக்கலாம். ‘பரட்டை அண்ணன்’ என்று மாணவர்கள் அன்புடன் அழைத்த அவர், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டிற்குள் கொண்டுவந்தவர். ‘ஒரே உலை’ என்பது அவர் இடையறாது வலியுறுத்திய கருத்து. வெவ்வேறு சாதியில் பிறந்தவர்கள் ஒரே உலையில் அரிசியிட்டு, பொங்கியதை ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடத்தில்தான் கடவுளின் குடும்பம் உண்டாகிறது என்பது அதன் சாரம். நம் நாட்டில் யார் சமைத்ததை யார் உண்பது என்பதில்தான் சாதி தன் கோட்டையைக் கட்டி வைத்திருக்கிறது. ஆகவே இறையியலை அவர் அடுக்களையிலிருந்தே தொடங்கினார். பள்ளியிறுதியோடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்குக்கூட அக்கருத்து எளிதில் விளங்குகிறது.

இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு மறுபடியும் அண்ணாச்சியிடம் சென்றோம். மகளும் அங்கே துணி மடித்துக் கொண்டிருந்தாள். நாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாய்க் கேட்ட அவர், “எல்லாம் சரி தம்பி, குடிசை மட்டும் எனக்குச் சம்மதமில்லை” என்றார். அப்போது மகள் தலை நிமிராமலே சொன்னாள்: “அப்பா, ஊரில் நம் தெருவுக்குள் வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த போதகர் யாருமில்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! நான் போனால் குடிப்பேன் அல்லவா?”

அவர் மறுமொழி கூறவில்லை. பெட்டியைத் திறந்து கரியைக் கிளறிவிட்டார். நாமும் விடைபெற்றுத் திரும்பினோம்.

இனி, இப்படிப்பை விரும்பும் பிற பிள்ளைகளுக்காகச் சில விவரங்கள். செராம்பூரின் பி.டி. என்னும் இறையியல் பட்டம் பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு. மேல்நிலைக் கல்வி மட்டும் முடித்தவர்களுக்கு ஐந்து ஆண்டு. பொதுவாகக் கல்வியாண்டு ஜூன் திங்களில் தொடங்குவதால், சில திங்கள் முன்னதாகவே கல்லூரிக்கு எழுதி விண்ணப்பத் தாளும் கட்டண விவரமும் பெறுதல் நலம். சபைப் போதகரின் நற்சான்று இன்றியமையாதது. திருமண்டலம் ஒன்று தெரிந்தெடுத்து அனுப்பினால் பின்னர் ஊழியத்தில் இடம் கிடைப்பது எளிது. தாமாகச் சென்று படிப்போர்க்கு அத்தகைய உறுதி இல்லை. இதை மறைத்துப் பேசுவது நட்பாகாது. சம்பளமும் பெரிதன்று. வேலையை விட முடியாதவர்கள், செராம்பூர் நடத்தும் வெளிநிலைப் படிப்புகளைப் பற்றிக் கேட்டறியலாம். பெண்களுக்கு இதில் இடமுண்டோ என்று ஐயுறும் தாய்மார்க்கு ஒன்று சொல்வோம்: தென்னிந்தியத் திருச்சபையில் 2013 ஆம் ஆண்டு புஷ்பலலிதா என்னும் அம்மையார் பேராயராகவே அபிஷேகம் பெற்றார்.

ஆங்கிலத்தில் கற்க விரும்புவோர்க்கு 1910 இல் தொடங்கிய பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி உண்டு. மலையாள நாட்டுக்குள்ளேயே திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் ஒரு கல்லூரி உண்டு. கத்தோலிக்க இளைஞர்க்கு நம் மாவட்டத்திலேயே ஆலுவா மங்கலப்புழைக் குருமடம் இருக்கிறது. இந்து சமயக் குடும்பத்தார்க்கும் ஒரு செய்தி. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்னும் நோக்கில் தமிழ்நாட்டரசு 2007 இல் தொடங்கிய பள்ளிகளில் பயின்றோருள் 24 பேர், 2021 ஆகஸ்ட் 14 அன்று கோயில்களில் நியமனம் பெற்றனர். நெடுநாள் காத்திருந்த பின்னரே அது கைகூடிற்று. ஆலுவாவை அடுத்த வெளியத்துநாட்டில் 1972 முதல் தந்திர வித்யா பீடம் நடைபெறுகிறது. இஸ்லாமியக் குடும்பத்தார்க்கு வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலையாள நாட்டு அறிஞர் பலர் அங்கே ஓதித் திரும்பியவர்கள்.

இனி முன்னர்க் கூறாது விட்ட செய்திக்கு வருவோம். அப்பெண்ணின் விருப்பத்திற்கு உண்மையான தடை குடிசையும் அன்று, தந்தையும் அன்று. நாம் கையில் கொடுத்த ஒரு பக்கத் தமிழை வாசிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று! வீட்டில் தமிழ் பேசுகிறாள். ஞானப்பாட்டுகளை மனப்பாடமாய்ப் பாடுகிறாள். ஆனால் பள்ளியில் கற்றது மலையாள எழுத்து. “அப்படியானால் கண்ணம்மூலைக்கே போகலாமே, அம்மா” என்றோம். “பாட்டி தமிழில் அல்லவா ஜெபம் பண்ணுகிறாள், மாமா? அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்க எனக்கு அந்தத் தமிழ் வேண்டும்” என்றாள்.

நாம் வெட்கித் தலைகுனிந்தோம். ஏனெனில் இது அவள் குற்றமன்று. அச்சில் வந்த முதல் தமிழ் நூல்களுள் ஒன்றான ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579 இல் இதே கொச்சியில்தான் அச்சாயிற்று. அன்று தமிழ் நூலை அச்சிட்ட ஊரில், இன்று நம் பிள்ளைகள் தமிழ்ப் பலகையைக் கண்டு எழுத்துக்கூட்டி நிற்கிறார்கள். சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் கூடும் நாம், இதற்கு என்ன செய்தோம்?

கடந்த ஐந்து ஞாயிறுகளாக அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். மலையாளம் அறிந்தவர்க்குத் தமிழ் எழுத்து நெருங்கிய உறவு. பல எழுத்துகள் பார்த்தவுடன் பிடிபடுகின்றன. ஆனால் ககரத்திற்கு அங்கே நான்கு எழுத்து, இங்கே ஒன்றுதான். “எங்கே எப்படி ஒலிப்பது?” என்று திகைத்தாள். சொல் முதலிலும் ‘பக்கம்’ என்பதுபோல் இரட்டிக்கும்போதும் வல்லோசை; ‘பங்கு’ என்பதுபோல் மெல்லெழுத்தை அடுத்தால் மெலிந்த ஓசை; ‘பகல்’ என்பதுபோல் நடுவில் வந்தால் இன்னும் இளகும் என்று விளக்கினோம். அன்றே ஒரு பத்தியைத் தடையின்றி வாசித்துவிட்டாள். இப்போது ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் போதும்.

சென்ற வாரம் நாம் அலுவலகம் விட்டு வரும்போது அண்ணாச்சி தம் வண்டியருகே நம்மை நிறுத்தினார். மதுரைக்குச் செங்கோட்டை வழியாகப் போகலாமா என்று கேட்டார். அப்பாதை அகலப்பாதையாகி 2018 இல் மறுபடியும் திறந்ததைக் கூறி, மலையிடையே குகைகள் வழியாகச் செல்லும் பயணம் கண்ணுக்கும் இனிது என்றோம். “காட்சி இருக்கட்டும் தம்பி. சேர்ப்பதா இல்லையா என்று நான் சொல்லவில்லை. முதலில் அந்த இடத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்” என்றார். பரட்டை அண்ணன் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளே அவை என்று நமக்குத் தோன்றிற்று. இரண்டு டிக்கட்டுகள் பதிவாகியுள்ளன. கண்டு வந்த பின் அவர் முடிவு எதுவாயினும் அதை மதிப்போம்.

ஒரு விண்ணப்பம். இத்திங்கள் முதல் ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்குச் சங்க அறையில் தமிழ் எழுத்து வகுப்பு நடைபெறும். கட்டணம் இல்லை. எந்தச் சமயத்துப் பிள்ளையும் வரலாம். இறையியல் கற்கப் போகிறவர்கள் மட்டுமல்ல, ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைத் தானே வாசிக்க விரும்பும் பிள்ளையும் வரலாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் வாரம் ஒரு மணி நேரம் உதவ முன்வருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அப்பெண் மதுரை சென்று திரும்பியதும் சிறுவர் வகுப்பைத் தானே நடத்துவதாக வாக்களித்திருக்கிறாள்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.