பெட்டிக்குள் அடைத்து விற்கும் பாஷை

பஞ்சாலைத் தோழர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தாய்மார்களும் கேட்கிறார்கள். "பையன் இங்கிலீஷ் பேசிப் பழக வேண்டும் என்கிறான். செல்போனில் ஒரு ஆப் இருக்கிறதாம். பணம் பல ஆயிரம் ஆகும். மாதத் தவணையில் கட்டலாமாம். கட்டலாமா, தோழரே?" என்பதுதான் கேள்வி.

ஒரே சொல்லில் பதில் சொல்வதானால், வேண்டாம் என்பதே நம்முடைய பதில். ஆனால் கேட்பவர் அதோடு திருப்தி அடையமாட்டார்; அடையவும் கூடாது. "வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வாங்குகிறார்களே, நம் பிள்ளை மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்வி. ஆங்கிலம் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. வேலைக்கு மனுப் போடும் இடத்தில், ஆஸ்பத்திரியில், பாங்கியில், கோர்ட்டில் அந்த பாஷை தெரியாததனால் நம் ஜனங்கள் படுகிற அவமானம் நமக்குத் தெரியும். அந்த அவமானத்தைத்தான் வியாபாரி மூலதனமாக வைத்திருக்கிறான் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே சரக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

விலையும் சரக்கும்

இது புதிய வியாபாரம் அல்ல. 1901-லேயே லண்டனில் லிங்குவாபோன் என்ற கம்பெனி தோன்றியது. முதலில் மெழுகு உருளைகளிலும் பிறகு கிராமபோன் தட்டுகளிலும் பாஷைப் பாடங்களைப் பதிவு செய்து விற்றது. தட்டு போய் கேஸட் வந்தது. கேஸட் போய் குறுந்தகடு வந்தது. இப்போது செல்போன் வந்திருக்கிறது. யந்திரம் மாறிக்கொண்டே வருகிறது. "சிரமமில்லாமல் பேசலாம்" என்ற வாக்குறுதி மட்டும் மாறவில்லை.

இந்த வியாபாரத்தில் மிகப் பெரிய பெயர் எடுத்தது அமெரிக்காவின் ரொசெட்டா ஸ்டோன். 1992-ல் வர்ஜீனியா மாநிலத்து ஹாரிசன்பர்க் என்ற ஊரில் வேறொரு பெயரில் தொடங்கப்பட்ட கம்பெனி அது. மஞ்சள் நிறப் பெட்டியில் அடைத்து, விமான நிலையங்களில் கடை போட்டுக்கூட விற்றார்கள். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 8 தங்கம் வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸை விளம்பரத்தில் நிறுத்தினார்கள். 2009 ஏப்ரலில் கம்பெனி பங்குச் சந்தைக்கும் போய்விட்டது.

அந்தக் காலத்தில் ஒரு பாஷைக்கான மூன்று படிகள் அடங்கிய பெட்டியின் விலை சுமார் 500 டாலர். அதே 2009-ல் அமெரிக்க மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோட்டலில் தட்டுக் கழுவும் தொழிலாளி ஒருவர் 69 மணி நேரம் உழைத்த கூலி முழுவதையும், ஒரு காசு சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், அந்தப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை என்றால் ஏறக்குறைய ஒன்பது நாள் கூலி!

பெட்டிக்குள் இருந்தது என்ன? சில குறுந்தகடுகள். ஒரு தகட்டைப் பிரதி எடுக்க ஆகும் செலவு அற்ப சொற்பம். பாடம் தயாரிக்க அறிவாளிகளின் உழைப்பு தேவைப்பட்டது உண்மைதான். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் கம்பெனியின் கணக்குகளே சொல்கின்றன: விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் அது செலவழித்த பணம், ஆராய்ச்சிக்குச் செலவழித்ததைவிடப் பல மடங்கு அதிகம். விலையில் பெரும் பகுதி, அந்த விலையைக் கொடுக்கும்படி நம்மை இணங்க வைப்பதற்கே போயிருக்கிறது! பின்னால் இலவச ஆப்புகள் வந்து போட்டி போட்டபோது, பெட்டி மறைந்து சந்தா வந்தது, விலையும் சரிந்தது. பாடம் அதே வகைப் பாடம்தான். அப்படியானால் முன்பு வாங்கிய 500 டாலர் எதன் விலை?

படம் காட்டிப் பாஷை சொல்லித் தருவது இவர்களுடைய முறை. ஒரு பையன் தண்ணீர் குடிக்கும் படம், அதற்கான வாக்கியம். ஒரு பெண் சாப்பிடும் படம், அதற்கான வாக்கியம். இலக்கணமும் சொல்லமாட்டார்கள், மொழிபெயர்ப்பும் தரமாட்டார்கள். குழந்தை தாய்மொழியைக் கற்பது போலவே கற்கலாம் என்பது வாதம். குழந்தைக்கு நாள் முழுவதும் பேச்சுக் கொடுக்க ஒரு தாய் இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், தெருவே இருக்கிறது. இதை மட்டும் விளம்பரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

படத்தால் சொல்ல முடியாதது எவ்வளவோ உண்டு. தமிழில் "நாம்" என்றால் கேட்பவரும் சேர்த்தி. "நாங்கள்" என்றால் கேட்பவர் நீங்கலாக. நம் வீட்டு மூன்று வயதுக் குழந்தை இதைத் தவறாமல் பேசுகிறது. இதற்கு எந்தப் படத்தைப் போடுவீர்கள்? நாலு பேர் நிற்கும் படம் இரண்டுக்கும் பொருந்தும். அதே போல ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் "எ", "தி" என்ற இரண்டு சிறு சொற்கள் நம்மவர்களை என்ன பாடு படுத்துகின்றன! நாற்காலியின் படம் ஆயிரம் காட்டினாலும் அந்த வித்தியாசம் விளங்காது. தமிழ் தெரிந்த வாத்தியார் ஒருவர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொன்னால் பாதியாவது விளங்கும். ரொசெட்டா ஸ்டோன் 25 பாஷைகள் கற்பிக்கிறது. இந்தி உண்டு, தமிழ் இல்லை. தமிழ் பேசுகிறவனுக்கு எந்த இடத்தில் இடறும் என்று அங்கே யார் யோசித்திருக்கப் போகிறார்கள்?

மணிக்கணக்கு

விலையைவிட முக்கியமானது நேரம். அமெரிக்க வெளிநாட்டு இலாகா, தன் உத்தியோகஸ்தர்களுக்குப் பிற பாஷைகள் கற்பிக்க ஒரு பள்ளி நடத்துகிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் வேலைக்குத் தேவையான அளவு தமிழ் கற்க 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி ஆகும் என்பது அந்தப் பள்ளியின் அனுபவக் கணக்கு. சம்பளம் கொடுத்து, வேறு வேலை கொடுக்காமல், சிறு வகுப்பில், நேருக்கு நேர் வாத்தியார் வைத்துக் கற்பிக்கும்போதே இவ்வளவு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வழி மட்டும் குறுகிவிடுமா?

ஷிப்ட் முடிந்து வந்த பெண் தொழிலாளி ஒருவர் தினம் அரை மணி நேரம் ஆப்பைத் தட்டுவதாக வைத்துக்கொள்வோம். 1,100 மணிக்கு 2,200 நாள், அதாவது ஆறு வருஷத்துக்கு மேல்! அதுவும் இடையில் ஒரு நாள்கூட ஓவர்டைம் இல்லாமல், பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல். "90 நாளில் சரளமாக" என்று விளம்பரம் செய்பவனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

யந்திரத்தோடு தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சியம் உண்டு. அமெரிக்க சர்க்கார் ஊழியர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு இத்தகைய சாப்ட்வேரை இலவசமாகக் கொடுத்து, வேலை செய்யும் இடத்திலேயே படிக்கச் சொல்லி, மேரிலாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் பரிசோதித்தார். 2011-ல் முடிவு வெளிவந்தது. கடைசி வரை தாக்குப்பிடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவர்கள் சோம்பேறிகள் அல்ல, விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள். பணம் கட்டவும் இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல எதிரே ஆள் இல்லை, அதுதான் குறை.

இதற்கு நேர் எதிரான காட்சியை நம் தோழர்கள் தினமும் பார்க்கிறார்கள். திருப்பூருக்கும் கோவைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் வாலிபர்கள் எந்த ஆப்புக்குப் பணம் கட்டினார்கள்? வந்த சில மாதங்களில் மேஸ்திரியின் வசவு புரிகிறது. பிறகு டீக்கடையில் கணக்குக் கேட்கிறார்கள். ஒரு வருஷத்தில் பக்கத்து மிஷின்காரரோடு சண்டையே தமிழில் போடுகிறார்கள். கட்டாயமும் கூடப் பேசும் மனிதர்களும் இருந்தால் பாஷை வந்துவிடுகிறது. (ஆனால் கையெழுத்துக் கேட்டு நீட்டும் காகிதத்தை அந்த வாலிபர்கள் பலரால் படிக்க முடியாது. காதால் கற்றது காது வரைக்கும்தான். படிப்பு என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கிறது. இதையும் மறைக்கக் கூடாது.)

இலவசம் என்றால் இலவசமா?

"சரி, விலை கொடுக்க வேண்டாம், இலவச ஆப் போதுமே" என்று ஒரு தோழர் சொன்னார். 2012-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட டுவோலிங்கோவை அவர் மனதில் வைத்திருந்தார். அதை உபயோகிக்கலாம் என்றே நாமும் சொல்கிறோம். எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்து உபயோகியுங்கள். 2013-ல் அந்தக் கம்பெனி சி.என்.என்., பஸ்பீட் ஆகிய செய்தி நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தது. பாடம் படிப்பவர்கள் பயிற்சி என்று நினைத்து மொழிபெயர்த்ததெல்லாம் அந்த நிறுவனங்களுக்கு விற்பனைச் சரக்காகப் போயிற்று. கூலியில்லா வேலை என்றால் இதுதான்! பிற்பாடு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, விளம்பரத்திலும் சந்தாவிலும் பணம் பண்ணத் தொடங்கினார்கள். 2024 தொடக்கத்தில், ஒப்பந்த ஊழியர்களில் பத்தில் ஒரு பங்கினரை அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்த மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு பகுதியை யந்திர மூளையிடம் ஒப்படைத்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் கதி பஞ்சாலையிலும் ஒன்றுதான், பிட்ஸ்பர்க் நகரத்திலும் ஒன்றுதான்.

இவ்வளவும் சொன்னதனால் யந்திரமே வேண்டாம் என்று அர்த்தமல்ல. வார்த்தைகளை மனப்பாடம் செய்ய அது உதவும். காதில் திரும்பத் திரும்பக் கேட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளலாம். தப்பாகச் சொன்னால் அது சிரிக்காது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் இந்த உதவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை. பிபிசி 1943 முதல் ஆங்கிலப் பாடம் நடத்தி வருகிறது. இன்று அவை செல்போனிலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. பிபிசியின் அரசியல்மீது நமக்கு மோகம் கிடையாது. பாடத்தை எடுத்துக்கொள்வதில் தவறும் கிடையாது.

அமெரிக்காவிலேயே பல ஊர்களில் பொது நூலகங்கள் இந்த வகைப் பாடங்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டி, உறுப்பினர்களுக்கு இலவசமாகக் கொடுக்கின்றன. இங்கேயும் 1948-ம் வருஷத்து நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரி வசூலாகிறது. அந்தப் பணம் நம் பணம். கிளை நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டரும், மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு வாத்தியாரும் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அது வரும் வரை, சங்க ஆபீஸில் வாரத்துக்கு மூன்று நாள் பத்துப் பேர் கூடலாம். காலேஜ் படிக்கும் நம் பிள்ளைகளே பாடம் நடத்தட்டும். பாட புஸ்தகம் வேண்டுமா? சம்பளச் சீட்டு, பி.எப். படிவம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பஸ் அட்டவணை, இவற்றை வைத்து ஆரம்பியுங்கள். தேவைப்படும் வார்த்தை சீக்கிரம் மனதில் நிற்கும். இலவச ஆப்பை வீட்டில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கொடுத்து வாங்குவதில் எவருக்குமே லாபமில்லையா? தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவராகவும், அந்த பாஷை பேசும் ஊருக்குப் போகப் போகிறவராகவும் இருந்தால் பயன்படலாம். அப்படிப்பட்டவர்கூட முதலில் ஒரு மாதம் இலவசப் பாடத்தை விடாமல் செய்து பார்த்துவிட்டு, பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டட்டும். வருஷச் சந்தா, ஆயுள் சந்தா என்பதெல்லாம் நாம் பாதியில் விட்டுவிடுவோம் என்று தெரிந்தே முன்கூட்டி வாங்கும் பணம். கடன் வாங்கிக் கட்டுவது மட்டும் எந்தக் காரணத்தாலும் கூடாது. படிப்பு நின்றாலும் தவணை நிற்காது.

ஏற்கெனவே கார்டில் சந்தா கட்டிவிட்டுத் தவிக்கும் தோழர்களுக்கு ஒரு விஷயம். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகத் தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் பாங்கி அமலாக்கியிருக்கும் விதி. செல்போனில் வரும் அந்தச் செய்தி ஆங்கிலத்தில் இருக்கலாம். அழித்துவிடாமல் சங்க ஆபீஸுக்குக் கொண்டு வாருங்கள். ஏற்பாட்டை ரத்து செய்யும் வழி அதிலேயே இருக்கும், உடனிருந்து செய்து கொடுப்பார்கள்.