எலும்பு நொறுங்கும் முன்னே காட்டும் காந்தப் படம்!

'மல்டிபிள் மைலோமா' என்பது எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். எலும்பை உள்ளிருந்தே அரித்துவிடும். எலும்பில் ஏறக்குறைய 3-ல் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே படத்தில் ஓட்டை தெரியும். அதற்குள் முதுகெலும்பே நொறுங்கிவிடலாம்!

எம்.ஆர்.ஐ. கருவி காந்த சக்தியால் மஜ்ஜையையே படம் பிடிக்கிறது. மஜ்ஜைக் கொழுப்பின் இடத்தை நோய் பிடித்துக்கொண்டால் அது தனியாகத் தெரியும்.

முன்பெல்லாம் எலும்போ, சிறுநீரகமோ கெட்ட பிறகே சிகிச்சை தொடங்கினார்கள். என்ன கொடுமை! 2014-ல் சர்வதேச மைலோமா நிபுணர் குழு இந்த முறையை மாற்றியது. மஜ்ஜைச் சோதனையில் நோய் தெரிந்தவருக்கு, எம்.ஆர்.ஐ. படத்தில் 5 மில்லி மீட்டருக்குக் குறையாத கட்டிகள் ஒன்றுக்கு மேல் இருந்தாலே போதும். வலி இல்லாவிட்டாலும் சிகிச்சை தொடங்கலாம்.

சிகிச்சைக்குப் பிறகும் செத்த கட்டியின் தடம் சில மாதம் படத்தில் தெரிவது உண்டு. அதைப் பார்த்து வீட்டார் கலங்கவேண்டியதில்லை. டாக்டர்கள் வேறு சோதனைகளையும் சேர்த்தே முடிவு சொல்வார்கள்.