எடைக்குப் போடுவதற்கு முன்னால்...

"பழைய கேம் ஆட எமுலேட்டர் போதுமே, அந்தக் காலத்து கிராபிக்ஸ் கார்டைத் தேடி அலையறது வெட்டி வேலை!" எங்க கிளாஸில் அடிக்கடி கேட்கிற டயலாக் இது. ஆடுவதற்கு மட்டும் என்றால் போதும்தான். நானே அப்படித்தான் ஆடுகிறேன். அதற்காக கார்டே வேண்டாம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் கதை. 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க கம்பெனி வூடூ கார்டை இறக்கியது. மெமரி 4 எம்பி. முப்பரிமாணப் படம் மட்டும்தான் போடும். சாதா வேலைக்கு இன்னொரு கார்டு, இரண்டையும் இணைக்க வெளியே ஒரு ஒயர்! (சிரிக்காதீங்க, அன்றைக்கு அதுதான் ராஜா.) நீட் ஃபார் ஸ்பீடு 2 ஸ்பெஷல் எடிஷன், அன்ரியல் போன்ற கேம்கள் கிளைட் என்ற அந்தக் கம்பெனியின் சொந்த பாஷையில் கார்டோடு நேராகப் பேசின. 2000 டிசம்பரில் சொத்துக்களை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டு 3டிஎஃப்எக்ஸ் கடையைக் கட்டியது. இன்றைய கார்டுகளுக்கு கிளைட் புரியாது. என்கிளைட், டிஜிவூடூ போன்ற மென்பொருள்கள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கின்றன.

அந்த மொழிபெயர்ப்பு சரியா என்று எதை வைத்துச் சொல்வது?

ஆம்பூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஷூ கம்பெனியில் பையர் ஓகே செய்த சாம்பிளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். லைனில் வருகிற ஜோடியை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிட்டு "நிறம் சரியாத்தான் இருக்கு" என்று சொன்னால் பையர் விடுவாரா? பழைய கார்டுதான் நம்ம சாம்பிள்.

"ஸ்கிரீன்ஷாட் இருக்கே" என்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. 1999-ல் வந்த வூடூ 3, 16 பிட் நிறத்தில் படத்தை மெமரியில் வரைந்து, மானிட்டருக்கு அனுப்பும்போதுதான் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து வழவழப்பாக்கும். ஸ்கிரீன்ஷாட் மெமரியில் இருப்பதை மட்டும் எடுக்கும். அதனால் கண்ணால் பார்த்த படம் வேறு, ஃபைலில் இருக்கிற படம் வேறு. ஓடுகிற கார்டு ஒன்று இல்லாமல் இதைச் சரிபார்க்க முடியாது.

நம்ம பக்கம் எக்ஸ்போர்ட் ஆபீஸ் பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகின்றன. காமர்ஸ் பாஷையில் சொன்னால், 60 சதவீதத் தேய்மானத்தில் (2017-18 முதல் அது 40) பத்தாயிரம் ரூபாய் கம்ப்யூட்டர் ஐந்தே வருஷத்தில் புத்தகத்தில் 102 ரூபாய். அதனால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உடைத்த போர்டில் தங்கம் எடுக்க ஆசிட் ஊற்றுகிறவர்களும் உண்டு. மானிட்டர் கண்ணாடியில் ஈயம். தோல் கழிவுக்காக 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிய பாலாற்றுக்கு இது வேறு வேண்டுமா?

உங்க அப்பா ஆபீஸில், மாமா கடையில் 2001-க்கு முந்தைய பெட்டி கிடந்தால், ஸ்குரூவைக் கழற்றி சிப் மேல் என்ன பெயர் இருக்கிறதென்று பாருங்கள். 3டிஎஃப்எக்ஸ் என்று இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், நான் பஸ் ஏறி வருகிறேன் :-) மற்றதைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள்.